போர்பன் விஸ்கியை வீட்டிலேயே ஒப்பிட்டு ருசிப்பது எப்படி?

கீழமாசி வீதியில் எங்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை. கிராம்பு மூட்டை வந்தால் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்துத்தான் விலை பேசுவோம். ஒரு மூட்டையை மட்டும் முகர்ந்தால் எல்லாமே நல்ல சரக்காகத்தான் தோன்றும். பக்கத்தில் இன்னொரு மூட்டையைப் பிரித்து வைத்தால்தான், எண்ணெய் எடுத்த கிராம்பு எது, எடுக்காதது எது என்று மூக்கு சொல்லும். போர்பனுக்கும் நான் இதே வழியைத்தான் பின்பற்றுகிறேன். ஒரே பாட்டிலை மாதக்கணக்கில் குடித்தாலும் பிடிபடாத விஷயம், இரண்டு கிளாஸைப் பக்கம் பக்கமாக வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு இது சட்டப்படியே கிடையாது. மாத்திரை மருந்து எடுப்பவர்கள், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்கவும் வேண்டாம். ஏற்கெனவே குடிக்கிறவர், குறைவாக ஊற்றி நிறையத் தெரிந்துகொள்ள நினைத்தால், அவருக்காக எழுதியது இது.

பாட்டிலுக்குள் இருப்பது

போர்பன் எது என்பதை அமெரிக்கச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. ஊறலில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். மீதி பெரும்பாலும் ரை என்ற தானியம் அல்லது கோதுமை, கூடவே கொஞ்சம் முளைகட்டிய பார்லி. வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பாட்டிலில் 40க்குக் குறையக்கூடாது. பீப்பாய் புத்தம் புதிதாக, உட்புறம் தீயில் கருக்கிய ஓக் மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். நிறமோ வாசனையோ தனியாகச் சேர்க்கக்கூடாது. கென்டக்கி மாநிலத்தில் செய்தால்தான் போர்பன் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எங்கே செய்தாலும் போர்பன்தான். பெரும்பகுதி கென்டக்கியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

ருசிப்பவருக்கு இதில் முக்கியமானது அந்தப் புதிய பீப்பாய். ஓக் மரத்தைத் தீயில் வாட்டும்போது மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைகள் கருகிக் கேரமல் வாசனை தருகின்றன. தேங்காய் மணம் கொடுக்கும் லாக்டோன் ஓக்கிலேயே இருக்கிறது. கிராம்புக்கு மணம் தருகிற யூஜெனாலும் அதே மரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண விஸ்கிகளில் பல, சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் விஸ்கி கலந்து, கேரமலால் நிறமேற்றியவை. போர்பனில் அந்தச் சிவந்த பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது. அதனால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதற்கு இங்கே அர்த்தம் இருக்கிறது.

லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது என்று பொருள். 4 ஆண்டுக்குக் குறைவான சரக்கு என்றால் வயதைப் போட்டாக வேண்டும். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது: ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள், ஆல்கஹால் சரியாக 50 சதவீதம். அப்புறம் ஆல்கஹால் வலுவைச் சொல்லும் இந்த 'ப்ரூஃப்' கணக்கு. அமெரிக்கப் பாட்டிலில் அதைப் பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும். 101 ப்ரூஃப் என்றால் 50.5. நம் ஊர்ப் பாட்டிலில் 75 டிகிரி ப்ரூஃப் என்று இருப்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அது 42.8 சதவீதம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் ஒப்பீடு முழுவதும் தப்பிப் போகும்.

எந்தப் பாட்டில்கள்?

மதுரையில் எலைட் டாஸ்மாக் கடைகளில் இறக்குமதிச் சரக்கு கொஞ்சம் வரும். ஆனால் நினைத்த பாட்டில் நினைத்த நேரத்தில் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சினன் பெட்டியில் வருபவைதான். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். அதனால் அவசரப்படாமல், வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்துச் சேருங்கள். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு பாட்டில் என்று பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

எதை வேண்டுமானாலும் எதோடும் வைத்து ஒப்பிடலாம், ஆனால் ஏதாவது தெரியவேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் மட்டும் மாற வேண்டும். நான் முதலில் வைக்கச் சொல்வது மேக்கர்ஸ் மார்க், புல்லெட் இரண்டையும். அமெரிக்காவில் விற்கும் பாட்டில்களில் இரண்டுமே 45 சதவீதம். (நாட்டுக்கு நாடு வலு மாறக்கூடும், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) மேக்கர்ஸ் மார்க்கில் ரையே கிடையாது, மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14. புல்லெட்டில் மக்காச்சோளம் 68, ரை 28, பார்லி 4. மக்காச்சோளம் கிட்டத்தட்ட ஒன்று, வலு ஒன்று. மாறுவது முக்கியமாக அந்த இரண்டாவது தானியம்தான்.

போன தடவை மச்சினன் வந்திருந்தபோது இந்த ஜோடியைத்தான் வைத்தோம். மேக்கர்ஸ் மார்க்கின் கழுத்தில் கையால் முக்கியெடுத்த சிவப்பு மெழுகு இருக்கும். அதில் ஒரு நாடா விட்டிருப்பார்கள், அதை இழுத்தால் போதும், கத்தி வேண்டாம். அதை முகர்ந்ததும் அவன் சொன்னது, "பணியாரம் சுடுற வாடை, மச்சான்." எனக்கும் அப்படித்தான்: கருப்பட்டி, கொஞ்சம் நெய், ஓரத்தில் பேக்கரி வாசலில் நிற்பதுபோல் வெந்த கோதுமை. நாக்கில் வட்டமாக உட்கார்ந்து தொண்டைக்கு மெதுவாக இறங்குகிறது. புல்லெட்டை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. வறுத்த மல்லி விதை, புதினா, இனிப்பு குறைவு, நாக்கின் இரண்டு பக்கமும் மிளகு குத்துகிறது. திரும்ப மேக்கர்ஸ் மார்க்குக்கு வந்தபோது முதலில் தெரியாத தித்திப்பு அப்போது பளிச்சென்று தெரிந்தது. ரை என்ன செய்யும், கோதுமை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்த ஜோடி வலுவுக்கு. இதற்கு இரண்டு பாட்டில் தேவையே இல்லை. வைல்டு டர்க்கி 101 ஒன்று போதும், எப்படி என்று கீழே சொல்கிறேன். மூன்றாவது, ஜிம் பீம் வெள்ளை லேபிளும் ஜாக் டேனியல்ஸும். ஜாக் டேனியல்ஸ் டென்னசி விஸ்கி. பீப்பாயில் போகும் முன்பே மேப்பிள் மரக் கரியில் சொட்டுச் சொட்டாக வடிகட்டுவார்கள். ஜிம் பீமில் வறுத்த நிலக்கடலையும் ஜாக் டேனியல்ஸில் கனிந்த வாழைப்பழமும் பலருக்கும் வாசனையில் தட்டுப்படும். நான்காவது என் விருப்பம்: ஒரு போர்பனுக்குப் பக்கத்தில் கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்படுத்தியவை ஸ்காட்லாந்துக்கும் இந்தியாவுக்கும் வந்துவிடுகின்றன. பிரில்லியன்ஸ் அப்படிப்பட்ட பீப்பாய்களில் வளர்ந்த பார்லி விஸ்கி. முதல் சரக்கு குடித்ததுபோக மரத்தில் மிச்சமிருந்தது எவ்வளவு என்பதை அந்த இரண்டு கிளாஸிலும் முகர்ந்தே பார்த்துவிடலாம்.

அறையும் கிளாஸும்

மதுரை வெயிலில் இதுதான் பெரிய சிக்கல். சித்திரை வைகாசியில் அலமாரியில் இருக்கும் பாட்டில் 35 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும், வேறு எதுவும் தெரியாது. ஐஸ் போட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். குளிர்ந்த விஸ்கி வாசனையை விடாது. பாட்டிலை மூடியபடியே, பானைத் தண்ணீர் ஊற்றிய வாளியில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். ஏசி அறை இருந்தால் 24இல் வைத்து, பாட்டிலையும் கிளாஸையும் முன்கூட்டியே உள்ளே கொண்டுபோய் வைத்தால் போதும்.

அறையில் மல்லிகைப் பூ இருக்கக் கூடாது. நம் ஊர்க் குண்டுமல்லி ஒரு முழம் இருந்தால் எந்தப் போர்பனும் அதோடு போட்டி போட முடியாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீடு, கொசுவர்த்தி, அடுப்படியில் தாளிப்பு, சென்ட் போட்ட நண்பர், எல்லாமே கெடுக்கும். கறிதோசையும் கோலா உருண்டையும் பிறகு சாப்பிடலாம். சாயங்காலம் ஆறு மணி, வயிற்றில் லேசாக ஏதாவது இருக்கிற நேரம், எனக்கு ஒத்துவரும் நேரம் அதுதான்.

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். கிளென்கெய்ர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் தெரியாது. முக்கியமாக எல்லா கிளாஸும் ஒரே வடிவம். ஊற்றும் முன் காலிக் கிளாஸை முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை சோப்பு வாசனை வந்தால் சுடுதண்ணீரில் மறுபடி அலசுங்கள். குடிக்கவும் கலக்கவும் ஒரே கேன் தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு விஸ்கியில் அப்படியே தெரியும். இடையில் வாயைச் சுத்தம் பண்ண உப்புப் போடாத பொரி போதும்.

வாசனைத் தட்டு

இது எல்லோரும் தாண்டிப் போகிற படி. நான் இதை விடவே மாட்டேன். அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் பட்டர்ஸ்காட்ச், மேப்பிள் சிரப், செர்ரி பை என்று வரும். நாம் வளர்ந்த வீட்டில் அவை இல்லை. இல்லாத வாசனையைத் தேடினால் மூக்கு குழம்பிப்போகும். நம் அடுப்படியில் இருப்பதை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள்.

கருப்பட்டி ஒரு துண்டு, வெல்லம் ஒரு துண்டு. இரண்டும் வேறு, போர்பனுக்குள்ளும் இரண்டும் வேறு வேறாக வரும். கிராம்பு இரண்டு, நகத்தால் கீறி வையுங்கள். பட்டை. ஜாதிக்காயைக் கொஞ்சம் உரசி வையுங்கள். கொப்பரைத் துண்டு. வறுத்த கடலை. தோல் கறுத்த சிறுமலைப் பழம் ஒன்று. வாழைப்பழத்துக்கு மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் ஈஸ்ட் நொதிக்கும்போதும் உண்டாகிறது, விஸ்கியில் வாழை வாசனை வருவது அதனால்தான். கமலா ஆரஞ்சுத் தோல். தெப்பக்குளத்தில் சாயங்காலம் சுட்டு விற்கும் சோளக்கதிர் ஒன்று வாங்கி, உப்பு மிளகாய் தடவாமல் கொண்டுவாருங்கள். பென்சில் சீவல் கொஞ்சம், மரத்துக்காக.

இதோடு நன்னாரி வேர். இதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை. அவை அடுக்கப்பட்ட இடம்தான் வேறு. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டு வளராதவர்கள்கூட மதுரையில் ஜிகர்தண்டாவோ நன்னாரி சர்பத்தோ குடித்திருப்பார்கள். வேரை நசுக்கி முகர்ந்துவிட்டுப் போர்பனை முகர்ந்தால், எல்லோரும் வெனிலா வெனிலா என்று சொல்வது எந்தத் திசையில் இருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். எங்கள் கடைக்கு வேர் வாங்க வரும் பெரியவர் ஒருவரிடம் போர்பன் கிளாஸை நீட்டியபோது, யோசிக்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை நன்னாரிதான்.

ஊற்றி, முகர்ந்து, குடிப்பது

ஒரு கிளாஸுக்கு 15 மில்லி. இரண்டோ மூன்றோ கிளாஸ் போதும், நான்குக்கு மேல் நாக்கு மரத்துவிடும். இருமல் டானிக்கோடு வரும் அளவு மூடி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் தொடாதீர்கள்.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹால் எரிச்சல் குறையும். முதல் கிளாஸ், இரண்டாவது, மறுபடி முதல் கிளாஸ் என்று மாறி மாறிப் போங்கள். இடையில் மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள், தெளிந்துவிடும். இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம். விஸ்கியில் பாதிக்கு மேல் மூக்கிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

முதல் வாய் கணக்கில் கிடையாது. அது வாயைப் பழக்க மட்டும். இரண்டாவது வாயை ராவாக, ஒரு டீஸ்பூன் அளவு, நாக்கு முழுக்கப் பரவவிட்டு மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள். ஜிம் பீம் குடும்பத்தின் புக்கர் நோ இப்படித்தான் செய்து காட்டுவார்; கென்டக்கி மெல்லல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள், அப்போது ஒரு புது வாசனை வரும். நெஞ்சில் சூடு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். விழுங்க வேண்டாம் என்றால் துப்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதையே தொழிலாகச் செய்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள்.

பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள். கூடியிருப்பதில் ஒருவர் "தேங்காய்" என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் தேங்காய் வந்துவிடும். இரண்டு வரி போதும், உங்கள் சொந்த வார்த்தையில். "நல்லாருக்கு", "ஸ்மூத்" என்பதெல்லாம் குறிப்பு ஆகாது. எதை நினைவுபடுத்தியது என்று எழுதுங்கள்.

தண்ணீர்

மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். கணக்கு எளிது: இருக்கும் வலுவை வேண்டிய வலுவால் வகுத்து, ஒன்றைக் கழித்து, விஸ்கியின் மில்லி அளவால் பெருக்கினால் சேர்க்க வேண்டிய தண்ணீர் வரும். வைல்டு டர்க்கி 101ஐ மூன்று கிளாஸில் 15 மில்லி ஊற்றுங்கள். ஒன்று அப்படியே, 50.5. இரண்டாவதில் 1.8 மில்லி தண்ணீர், 45க்கு வந்துவிடும். மூன்றாவதில் 4 மில்லி, கிட்டத்தட்ட 40. ஒரே பாட்டில், மூன்று விஸ்கி. அப்படியே இருப்பதில் கிராம்பும் கருகிய மரமும் முன்னால் நிற்கும். 45இல் ஆரஞ்சுத் தோலும் கேரமலும் திறக்கும். 40இல் எனக்கு இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது, உடம்பு மெலிந்துவிடுகிறது. என் வாய்க்கு 45தான். என் மச்சினனுக்கு 50.5தான் சரி.

தண்ணீர் ஏன் வாசனையைத் திறக்கிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரியில் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகை மணம் தரும் குவையாக்கால், வலு 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது மேற்பரப்பில் தங்குகிறது. வலு ஏற ஏற ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் சிரிஞ்ச் செய்கிற வேலை அதுதான்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், வலு வேறு வேறான இரண்டு பாட்டிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடலாம். அப்படிச் செய்யாவிட்டால் வலு கூடியதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

லேபிள் தெரியாமல்

விலை தெரிந்தால் நாக்கு விலைக்குத் தக்கபடி பேசும். வீட்டில் யாரையாவது அடுத்த அறையில் ஊற்றச் சொல்லி, கிளாஸின் அடியில் எண் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது என் மனைவியின் பொறுப்பு. அவள் குடிப்பதில்லை, ஆனால் எங்கள் எல்லோரையும்விட அவள் மூக்கு கூர்மை.

இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமானால் மூன்று கிளாஸ் முறை இருக்கிறது. இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் ஒரு தடவை ஜெயித்தால் போதாது. ஆறு தடவை செய்து நான்கு சரி என்றால்கூட, நூற்றில் பத்துப் பேருக்கு அது வெறும் அதிர்ஷ்டத்திலேயே வரக்கூடியது. ஐந்து சரி என்றால் நூற்றில் இரண்டு பேருக்குத்தான் வரும், அப்போது நம்பலாம். கிளாஸுக்கு 5 மில்லி போதும், ஆறையும் ஒரே மாலையில் முடிக்காமல் நாள் விட்டு நாள் செய்யுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அதுவும் நல்ல சேதிதான், விலை குறைந்ததையே வாங்கிக்கொள்ளலாம்.

முடிந்ததும் கிளாஸ்களைக் கழுவாமல், மேலே ஒரு தட்டு போட்டு மூடி வைத்துவிடுங்கள். காலையில் ஆல்கஹால் எல்லாம் போயிருக்கும், அடியில் மரம் மட்டும் இருக்கும். ரை அதிகமான சரக்கையும் கோதுமைச் சரக்கையும் அப்போது முகர்ந்து பார்த்து, முந்தின நாள் குறிப்புக்குக் கீழேயே எழுதிவையுங்கள்.

பாட்டிலை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத மர பீரோ நல்லது, மாடி அறை வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால், காற்று அதிகமாகி வாசனை சில மாதங்களில் மங்கத் தொடங்கும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, பெயரையும் வலுவையும் திறந்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த பாட்டில் வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவும்.